ஆரஞ்சு நிறப் பட்டை

என் மாணவி ஒருத்தியைக் கணிதத்திலிருந்து விலக்கினேன். அவள் தேறிவிடுவாள் என்று தெரிந்தே விலக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குச் சாதகமாகவே பேசத் தொடங்கிவிடுவேன்... என்னைப் பற்றி எனக்குத் தெரியும்!

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு சாதாரண அக்கம்பக்கப் பள்ளியில் நான் கணித ஆசிரியை. அங்கே கணிதம் கற்பிப்பவர்களில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

ஆண்டுத் தொடக்கத்தில் தேர்வு முடிவுகளைப் பற்றி ஆசிரியர் கூட்டம் நடக்கும். திரையில் பட்டை வரைபடம் வரும். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு நிறங்கள். எங்களுக்கு ஆரஞ்சு. அந்த ஆண்டு கூடுதல் கணிதத்தில், பிள்ளைகள் ஏ மேத்ஸ் என்பார்களே அதில், ஆரஞ்சுப் பட்டை பாதியிலேயே நின்றுவிட்டது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதே என்று எல்லாரும் பாடுபட்டார்கள்... அதுதான் சுட்டது! 

ஒரு பட்டைக்கா இத்தனை பாடு என்று நீங்கள் கேட்கலாம். கணிதம் படித்தவளுக்கு அந்தப் பட்டையின் லட்சணம் தெரியாதா? தெரியும். எங்கள் பள்ளியில் ஏ மேத்ஸ் எடுத்த இந்தியப் பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சீனப் பிள்ளைகளில் ஒருவன் தோற்றால் அவர்கள் பட்டை இம்மியும் அசையாது. எங்களில் ஒருத்தி தோற்றால் பட்டை மடமடவென்று சரிந்துவிடும். இத்தனை குறைவான பிள்ளைகளுக்கு விழுக்காடு போடுவதே தவறு என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவர் என்னிடம் வந்தார். பெற்றோரிடம் தமிழில் பேச உங்களால் முடியுமே என்றார். அவ்வளவுதான் சொன்னார். தோற்கக்கூடியவர்கள் பாடத்தையே விட்டுவிட்டால் பட்டையில் சேரமாட்டார்கள் என்ற மற்றதையெல்லாம் நானே புரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு உயர்நிலை நான்கில், பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில், இருந்தவள் தர்ஷினி. ஏ மேத்ஸில் முதலில் மோசமாகத் தோற்றவள். பிறகு ஒவ்வொரு தேர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தாள். பாலம் கட்டுகிற பொறியாளராக வேண்டும் என்பது அவள் ஆசை. “எம்ஆர்டி தண்டவாளத்துக்குக் கீழ இருக்கிற கான்கிரீட்ல ஏன் டீச்சர் கேப் விட்டிருக்காங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். வெயிலில் கான்கிரீட் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்றேன். மறுநாள் அந்த இடைவெளிக்கே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். விடை தவறு. வழி அத்தனை அழகு!

அவள் தேறியிருப்பாள். பத்து ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த எனக்கு அது தெரியாமல் போகுமா? ஆனால், ஒருவேளை தோற்றுவிட்டால்? அந்த ஒருவேளையை என்னால் தாங்க முடியவில்லை. மறுபடியும் அந்தக் கூட்டம், அந்தத் திரை...

பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் அம்மா வந்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைச் சீருடைச் சேலையோடு வந்திருந்தார். மற்ற பெற்றோரிடம் நான் ஆங்கிலத்தில் மதிப்பெண்ணைக் காட்டித்தான் பேசுவேன். அவரிடம் காட்டவில்லை. காட்டினால் அந்த ஏற்றம் தெரிந்துவிடுமே!

“அக்கா, வெளியாள் மாதிரி பேசல. நம்ம பிள்ளைன்னு நெனச்சுத்தான் சொல்றேன். ஏ மேத்ஸ் வேணாம்க்கா, டிராப் பண்ணிடட்டும். மத்த சப்ஜெக்ட்ல நல்லா வருவா.”

தர்ஷினி பதறிப்போனாள். “டீச்சர், ஐ கேன் டூ இட். கொஞ்சம் டைம் குடுங்க, ப்ளீஸ்.”

அம்மா அவள் கையை அழுத்தினார். “சும்மா இரு. டீச்சர் நம்மாளு. உனக்குக் கெட்டது சொல்வாங்களா?”

சொன்னேனே! அக்கா என்று நான் எந்தப் பெற்றோரையும் அழைத்ததில்லை. அன்றைக்கு அழைத்தேன். அந்தச் சொல் வேலை செய்யும் என்று தெரிந்துதான் அழைத்தேன்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஆரஞ்சுப் பட்டை நெடுநெடுவென்று நின்றது. கைதட்டினார்கள். ஆசிரியர் அறையில் கறிபஃப் கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

ஏ மேத்ஸ் இல்லாததால் அவள் கேட்ட பொறியியல் வகுப்பு கிடைக்கவில்லை. சுற்றுலாத் துறையில் பட்டயம் படித்தாள். சில ஆண்டுகள் கழித்து, தீபாவளிக்குச் சேலை எடுக்க அவள் அம்மா வேலை செய்யும் கடைக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலையாம். என்மேல் கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் சிரித்தாள்.

“நல்லாருக்கேன் டீச்சர். கஸ்டமர் பில்லைக்கூட ரெண்டு தடவ செக் பண்ணுவேன் லா. நமக்குத்தான் மேத்ஸ் வராதே!”

அந்த இடைவெளிக் கணக்கை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை. ஈசூன் நிலையத்தில் இறங்கி அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே நடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல் போக முயல்கிறேன். முடிவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன்...

தர்ஷினியின் தங்கை ஹரிணி இப்போது என் வகுப்பில் உயர்நிலை இரண்டில் இருக்கிறாள். கணிதத்தில் அக்காளை விடக் கெட்டிக்காரி. அடுத்த ஆண்டுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. போன வாரம் பெற்றோர் சந்திப்பு. இந்தப் பெண்ணை எப்படியும் ஏ மேத்ஸ் எடுக்க வைத்துவிட வேண்டும் என்று, எதையோ ஈடுகட்டிவிடப்போகிறவள் போலக் காத்திருந்தேன். அம்மா உட்கார்ந்ததும் அவரே பேச்சைத் தொடங்கினார்.

“உங்களுக்குச் சிரமமே வேணாம் டீச்சர். ஏ மேத்ஸ் வேணாம்னு இவகிட்ட நானே சொல்லிட்டேன். ரெண்டு நாளா ஒரே அழுக. பெரியவளுக்கு நீங்க அன்னைக்கே சொன்னீங்கல்ல, நம்ம பிள்ளைங்களுக்கு அது ஒத்து வராதுன்னு.”

நான் அப்படிச் சொல்லவில்லை! ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. வேறு எப்படிக் கேட்கும்?

ஹரிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய கண்கள். இல்லை அக்கா, இவளால் முடியும் என்று நான் சொன்னால், அப்படியானால் பெரியவளுக்கு ஏன் சொன்னீர்கள் என்று கேட்பார். கேட்காமல் இருப்பாரா? பக்கத்து மேசையில் துறைத் தலைவர் வேறு...

“சரிக்கா” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஹரிணி பையை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போனாள். நான் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன்.