சீமெந்து பூசாத கல்லறை

என் கணவரின் கல்லறையில் முதன்முதலாக ஒரு துவாரத்தைக் கண்டபோது, அதைக் காலால் மிதித்து மூடினேன்.

மகளின் மாலை வகுப்பு நடக்கும் வீடும் அவரைப் புதைத்த எங்கள் கோயில் சேமக்காலையும் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன. அவள் உயர்தரம் படிக்கிறாள், தனியாகப் போய் வரத் தெரிந்தவள்தான். ஆனால் அவளுடைய அப்பா ஒரு காலையில் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்கு வேலைக்குப் போகும் வழியில் லொறியில் அடிபட்டு இறந்த பிறகு, அவளை வீதியில் தனியே விட என்னால் முடியவில்லை. கொண்டுபோய் விடுவேன். வகுப்பு முடியும் வரை அவருடைய கல்லறை அருகில் இருப்பேன். பிறகு கூட்டிக்கொண்டு வருவேன்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க அம்மா" என்பாள்.

"சிரிச்சிட்டுப் போகட்டும் மனே" என்பேன்.

சேமக்காலை அமைதியான இடம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு மாலையும் அங்கே இருந்து பார்த்தால்தான் அதன் சந்தடி தெரியும். ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைகளின் வெடிப்புகளில் ஆலங்கன்றுகள் வேர் விட்டிருக்கும். எழுத்துத் தேய்ந்த கல் ஒன்றில் உடும்பு வெயில் காயும். நான் அசைந்தால் மட்டும் தலையைத் திருப்பும். யாரோ எப்போதோ நட்ட பட்டிப்பூ, பார்க்க ஆள் இல்லாத கல்லறைகளையெல்லாம் ஊதாவாக மூடியிருந்தது. வாவிப் பக்கம் வேலி விழுந்த இடத்தால் அடம்பன் கொடி உள்ளே வந்துகொண்டிருந்தது. கொக்குகளும் அந்த வழியாகத்தான் நடந்து வரும்.

அவருடையது வெறும் மணல்மேடு, தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை. எங்கள் பக்கத்தில் மணல் இறுகட்டும் என்று விட்டுவைத்து, ஆண்டுப் பூசைக்கு முன்னர் சீமெந்தால் கல்லறை கட்டுவார்கள்.

மூடிய துவாரம் அடுத்த நாளும் திறந்திருந்தது. எலியோ நண்டோ, ஏதோ ஒன்று உள்ளே அவரிடம் போகிறது என்று நினைத்தேன். ஒரு செங்கல் துண்டைத் திணித்து வைத்தேன். மறுநாள் செங்கலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று தோண்டப்பட்டிருந்தது. எது என்று பார்க்காமல் போவதில்லை என முடிவு செய்து எதிரே உட்கார்ந்தேன்.

துவாரத்திலிருந்து மணல் பீச்சியடித்தது. பிறகு நிறுத்தம். மறுபடியும் மணல். கடைசியில் பின்புறமாக வெளியே வந்தது கைக்குள் அடங்கும் ஒரு பச்சைக் குருவி. சொண்டெல்லாம் மணல், வாலின் நடுவில் கம்பிபோல நீண்ட இறகு. சிலுவையில் ஏறி உடம்பை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தது. செங்கலை வைத்தவள் நான்தான் என்று அதற்குத் தெரியும்போல இருந்தது.

பஞ்சுருட்டான் என்று மகள் போனில் தேடிச் சொன்னாள். மணலில் சரிவாகத் துளைத்து உள்ளே முட்டையிடுமாம். அந்தத் துளை கை நீளத்துக்கு மேல் பெரிதாகப் போகாதாம். அவர் அதற்கும் எவ்வளவோ கீழே. அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பின்னர் ஒருநாள் மணலில் காதை வைத்துப் படுத்திருந்தேன். பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்த வந்த பெண் ஓடி வந்து தோளைத் தொட்டாள்.

"அழாதகா. அழுதா அவர் திரும்பி வருவாரா?"

"அழல்லகா. குஞ்சு கத்துது."

அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போனாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று ஊருக்குச் சொல்லியிருப்பாள்.

கச்சான் காற்று தொடங்கிய சமயம், கனடாவிலிருந்து மச்சாள் வந்தார், என் கணவரின் அக்கா. ஆண்டுப் பூசைக்காகவே வந்தவர். வந்த கையோடு மேசனைப் பேசி, கறுப்புக் கல்லும் எடுத்துவிட்டார். குஞ்சுகள் பறக்கும் வரை பொறுங்கள் என்று மேசனிடம் நான் சொல்லிவைத்திருந்தேன். மச்சாள் கேட்கவில்லை. நானும் மகளும் போனபோது சீமெந்துப் பைகள் சேமக்காலை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தன.

"என்னகா இது? வேலையை நிப்பாட்டச் சொன்னியாம்?"

"உள்ள குஞ்சு இரிக்கி மச்சாள். பறந்து போகட்டும், மறுகா கட்டுவம்."

"வாற கிழமை எனக்கு பிளைட். என்ட தம்பிர கல்லறையைப் பாக்காமப் போகச் சொல்லுறியா?"

அவர் கேட்டது நியாயம்.

"ஊர் என்ன சொல்லும்? புருசனுக்குக் கட்ட மனமில்லாமக் குருவிக்குக் குடுத்திட்டாள் எண்டு சொல்லும்."

மேசன் சமாதானம் செய்ய வந்தார். "அக்கா, ஓட்டைக்கு ஒரு பைப்பு வைச்சுப் பூசிவிடுறன். பைப்பால போய் வரட்டும்."

"வெயிலுக்குக் குஞ்சு உள்ள அவிஞ்சிடும் அண்ணன்" என்றாள் மகள்.

நான் மணல்மேட்டுக்கும் சீமெந்துப் பைகளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மச்சாள், பாக்காம அடிச்ச லொறிக்காரனையே என்னால மன்னிக்க ஏலாம இரிக்கி. உயிரோட இரிக்கிறதப் பாத்துக்கொண்டு நிண்டு மூடச் சொல்லுறீங்களா? நான் விடமாட்டன்."

மச்சாள் மேசனைப் பார்த்து, "திருப்பி ஏத்துங்க தம்பி சீமெந்த" என்றார்.

ஆண்டுப் பூசை முடிந்து, பூசை வைத்த சுவாமி தீர்த்தம் தெளித்து வெறும் மணலையே மந்திரித்தார். மெழுகுதிரிகளைத் துவாரத்திலிருந்து தள்ளிக் கால்மாட்டில் வைத்தோம். தாயும் தகப்பனுமாகக் குருவிகள் இரண்டும் சொண்டில் தும்பியோடு மின்கம்பியில் காத்திருந்தன. ஆள் கலைந்தால்தான் இறங்கும். எல்லாரும் போன பிறகும் மச்சாள் முழங்காலில் இருந்தார்.

"மச்சாள், அதுகள் தீனியோட நிக்குது."

என்னை முறைத்தார். "என்ட தம்பியோட ரெண்டு கதை கதைக்கவும் விடமாட்டா" என்று முணுமுணுத்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

கனடா போன பிறகு ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். "போயிட்டா?" "இன்னும் இல்ல." வேறு சுகம் விசாரிப்பு எதுவும் இல்லை.

ஒரு மாலை துவாரத்தின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஆலங்கன்றில் வால் நீளாத குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தன. படம் எடுத்து அனுப்பினேன்.

"அப்ப மேசனைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். தலைமாட்டில் கல்லும் மூன்று பக்கம் கட்டும் போதும், நடுவில் மணல் இருக்கட்டும் என்றேன்.

"நாலாம் பக்கம்?"

"வாவிப் பக்கம்தானே. குருவிகள் துளைச்ச பக்கம், அதை விடுங்க."

"மூடாட்டிக் கல்லறை எண்டு சொல்லேலாதக்கா."

"சொல்லாட்டிப் போகட்டும்."

அன்றிரவு மச்சாளிடம் நானே சொன்னேன்.

"பேரையாவது பெரிசா வெட்டச் சொல்லு" என்றார்.

பெரிதாகவே வெட்டினோம். மகளின் வகுப்பு இன்னும் முடியவில்லை. நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். கட்டுக்குள்ளே பட்டிப்பூ முளைத்துவிட்டது. திறந்த பக்கத்தில் முளைப்பதை மட்டும் பிடுங்கிப்போடுகிறேன்.