மேசைக்குப் போலீஸ் காவல்

சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவாமல் இசக்கிசெல்வி எந்தச் சட்டையையும் மேசையில் விரிப்பதில்லை. துழாவுவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை, கிடைத்ததை உரக்கச் சொல்லியும் தொலைப்பாள். "அண்ணாச்சி பையில முறுக்கு உடைசல் கெடக்கு. சுகருக்கு மருந்து திங்காவன்னு சொன்னாவ" என்று அவள் ஒருநாள் சொன்னது எதிர்வீடான எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்டது. அன்று இரவு எனக்குக் கோதுமைக் கஞ்சி. வலியசாலை அக்ரகாரத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில் யார் மேட்னி ஷோ போனார்கள், யார் லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் அவள் கைவழியாகத்தான் வெளியே வரும். அப்படியானால் அவளிடம் துணி போடாமல் இருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவள் தேய்த்த சட்டையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, ஆனால் வலது கை மட்டும் இடது கையைவிடப் பருமன். தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட கனத்த தேய்ப்புப் பெட்டியை இத்தனை வருஷம் தூக்கினால் அப்படித்தான் ஆகும். பெட்டியின் சூட்டைக் கன்னத்துக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள். பார்க்கிற நமக்குத்தான் திக்கென்று இருக்கும். துணிகளோடும் பேசுவாள். காட்டன் புடவைக்குச் செல்லம், நைலக்ஸுக்கு ஏச்சு. அவளுடைய இரண்டு மகள்களும் பள்ளிக்கூட மலையாளத்தில் பதில் சொல்ல, இவள் வள்ளியூர்த் தமிழில் அதட்ட, நடுவில் எது எந்தப் பாஷை என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

மேசை கிடப்பது ஸ்ரீகண்டன் சாரின் கார் ஷெட்டில். அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். கணக்கு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, மனைவி போனபிறகு தனியாக இருந்தார். வீடு கட்டும்போது கார் ஷெட்டும் சேர்த்துக் கட்டினார், கார் மட்டும் வாங்கவில்லை. "வாங்கினா ஓட்டணுமே" என்பார். முன்பு இசக்கிசெல்வி சந்து முனையில் மரத்தடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜூன் மாத இடவப்பாதி மழையில் கரி அணைந்து, துணி நனைந்து, அவள் வானத்தைத் திட்டிக்கொண்டு நின்றபோது அவர் கேட்டைத் திறந்து, "உள்ளே வந்து தேயேம்மா" என்றார். வந்தவள் வந்தவள்தான். பதிலுக்குத் தினமும் காலையில் அவர் வேட்டியை அவள் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவரே கொண்டுவந்து, தேய்த்து முடிகிறவரை நின்று, குறை சொல்லி வாங்கிப்போவார்.

"கரை கோணியிருக்கே செல்வி."

"கரை கோணல சாரே. நீங்க நிக்கது கோணல்."

இது நடந்து முடிந்தால்தான் எங்கள் சந்தில் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை வேட்டி வரவில்லை. இசக்கிசெல்வி ஒரு சட்டை தேய்த்தாள், இன்னொன்றும் தேய்த்தாள். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் தட்டினாள், "சாரே, சாரே" என்று கூப்பிட்டாள், பிறகு என்னிடம் ஓடிவந்தாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் போலீசுக்குப் போன் செய்தேன். அவர்கள் அடுக்களைக் கதவை உடைத்து உள்ளே போனார்கள். சார் பிரம்பு நாற்காலியில், மூக்குக் கண்ணாடியோடு, டிவியைப் பார்த்தபடி இருந்தார். முந்தின ராத்திரியே போய்விட்டாராம்.

இசக்கிசெல்வி மேசைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். கைக்கு அகப்பட்ட துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதாள். அது எங்கள் சந்துச் சூடாமணி மாமியின் பட்டுப்புடவை என்று பிறகுதான் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த ஈரத்தின்மேல் பெட்டியை ஓட்டிப் பதமாக மடித்து வைத்தாள். எனக்கும் அழுகை வந்தது. அவர் நல்ல மனுஷர்.

உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பும் போய்விட்டது. ஒரே ஒரு போலீஸ்காரர் மட்டும் போகவில்லை. ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெயர் திரவியம், பாறசாலைக்காரர், வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் மலையாளம். அவர் உட்கார்ந்ததும் சந்து எழுந்துகொண்டது.

"கொலையா இல்லேன்னா போலீஸ் இப்படி நாற்காலி போட்டுண்டு ஒக்காருவாளோ?" என்று சூடாமணி மாமி ஜன்னலில் இருந்தபடி எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள்.

பதில் சொல்லத் திரவியம் வாயைத் திறப்பதற்குள் இசக்கிசெல்வி சொல்லிவிட்டாள். "கொலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மாமி. தனியா இருந்த மனுசன் சடார்னு போயிட்டாரு. டாக்டர் ஒருத்தரும் பாக்கல. அதுக்குப் பேரு அஸ்வாபாவிக மரணம், இயற்கையில்லாத சாவு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு வரணும், மகன் கனடாவுல இருந்து வரணும். அதுவரைக்கும் வீடு கெடந்தது கெடந்தபடி கெடக்கணும். அடுக்களைக் கதவை வேற உடைச்சாச்சி. நாளைக்கு ஒரு கரண்டி காணலைன்னாலும் இந்தச் சாருல்லா பதில் சொல்லணும்?"

திரவியம் தலையை ஆட்டினார். "அத்தனையே உள்ளூ" என்றார். நடந்தது இவ்வளவுதான். இருந்தாலும் மாமி கொலையை முழுதாகக் கைவிடவில்லை.

கிடந்தது கிடந்தபடி என்றால் ஷெட்டில் கிடந்த துணிகளும்தானே. சந்தில் பாதிப் பேருடைய உடுப்பு போலீஸ் காவலுக்குள் மாட்டிக்கொண்டது. என்னுடைய நாலு சட்டைகளும் உள்ளே. ஆபீசுக்கு டி-ஷர்ட்டில் போய் மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன். திரவியம் அசைந்து கொடுக்கவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்த இசக்கிசெல்வி ஒரு காக்கியை உருவி எடுத்து, "சாரே, இது உங்க எஸ்.ஐ. யூனிஃபாம் அல்லே?" என்று கேட்டபோதுதான் அவர் எழுந்து நின்றார். போன் போட்டார். எஸ்.ஐ. என்ன சொன்னாரோ, அரை மணியில் துணிகள் எல்லாம் விடுதலை. துணி போகலாம், வரலாம், தேய்க்கலாம். ஆனால் மேசையை இடம் மாற்றக் கூடாது. இப்படி ஒரு சட்டம் எங்கள் சந்தில் அமலுக்கு வந்தது.

முதல் நாள் முழுக்க இசக்கிசெல்விக்குப் போலீஸ் இருப்பது பிடிக்கவே இல்லை. "நீங்க எப்பம் போவிய சாரே? ஆள்க்காரு துணி கொண்டுவரப் பயப்படுதாவ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் சாரின் மகன் வினய் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தான். திரவியம் போனைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒவ்வோர் அறையாகக் காட்டினார். கடைசியில் ஷெட் வந்தது.

"சார், அந்த டேபிள் எதுக்கு அங்க இருக்கு? நான் வரதுக்குள்ள அதை எடுத்து வெளில போடச் சொல்லிடுங்கோ. வீட்டை விக்கலாம்னு இருக்கேன், புரோக்கர் வந்து பார்ப்பார்."

"அது நடக்காது சாரே. எஸ்.ஐ. பறயாம ஒரு சாமானும் அனக்கக்கூடாது, இடம் மாத்தக்கூடாது. மேசையும் சாமான்தானே."

இசக்கிசெல்வியின் பெட்டி ஒரு நொடி நின்றது. அப்புறம் அவள் திரவியத்தைப் பார்த்த பார்வையே வேறு. "சாரே, சாயா குடிக்கியளா?" என்றாள்.

அன்று என் சட்டையை வாங்கப் போனபோது அவளே சொன்னாள். "இந்த ஷெட்டு போச்சுன்னா நான் எங்க போவேன் அண்ணாச்சி? இந்த ஊரு மழையில மரத்தடியில நின்னு கரி பத்த வைக்க முடியுமா? பிள்ளையளுக்கு ஸ்கூல் தொறந்தாச்சி. அவளுவ அப்பா ஓட்டல்ல மாவாட்டிக் கொண்டாரது அரிசிக்கே பத்தல. போலீசு போன அன்னைக்கு மேசையும் போயிரும்." எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், அன்று சிரிக்கவில்லை. நான் சட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அவள் சும்மா இருக்கிற ஜாதியா?

போஸ்ட்மார்ட்டத்தில் மாரடைப்பு என்று வந்துவிட்டது. தச்சர் வந்து அடுக்களைக் கதவைச் சரி பண்ணிவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள் என்று திரவியம் நாற்காலியை மடக்கினார். இசக்கிசெல்வி ஒரு பாவாடையைத் தேய்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழம ஒருத்தன் வந்து சாருக்கு ஃபேன் மாட்டிட்டுப் போனானே, அவன்கிட்டக் கேட்டாச்சா?" என்றாள். திரவியம் நாற்காலியை விரித்தார். பிரஜின் என்கிற அந்த எலக்ட்ரீஷியன் பயல் விதுராவிலிருந்து பஸ் பிடித்து வந்து, போலீஸ் முன்னால் நடுங்கிக்கொண்டே சுவிட்சைப் போட்டான். ஃபேன் நன்றாகச் சுற்றியது. "கறங்குதே சாரே" என்றான். போகச் சொல்லிவிட்டார்கள்.

திரவியம் மறுபடியும் நாற்காலியை மடக்க, இவளுக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது. முன்கதவுக்கு இன்னொரு சாவி உண்டு. சார் யாரிடமோ கொடுத்து வைத்திருந்தார். யாரிடம் என்பதுதான் நினைவில்லை. "வெளிய ஒரு சாவி கெடக்கும்போது வீட்டை விட்டுட்டுப் போவியளா? எனக்கு என்ன, சொல்லுதத சொல்லிட்டேன்" என்றாள். அதோடு விட்டாளா, "அண்ணாச்சி வீட்டில இருக்குமோ? அவிய கொஞ்சம் மறதிக்காரரு" என்று என்னையும் இழுத்துவிட்டாள். திரவியம் தயங்கித் தயங்கி எங்கள் வாசலுக்கு வந்தார். என் மனைவி இதுதான் சமயமென்று என் மேசை இழுப்பறைகளை எல்லாம் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாவி கிடைக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் நான் வாங்கிய லாட்டரிச் சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அந்த வாரம் நான் இசக்கிசெல்வியோடு பேசவில்லை.

திரவியத்துக்கும் பெரிய அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. காவல் முடிந்தால் அவருக்குப் பழவங்காடி ஜங்ஷனில் வெயிலில் நின்று வண்டிகளை விலக்கிவிடுகிற வேலை. இங்கே நிழல், சாயா, மடிப்புக் கலையாத யூனிஃபாரம். போலீஸ் ஏன் இன்னும் போகவில்லை என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்குப் பதில் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வினயின் டாக்ஸி வந்து நின்றதும் இசக்கிசெல்வி கரிச்சாக்கைத் தூக்கினாள். "ஐய, இங்கயில்லா கெடக்கு" என்று ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். திரவியம் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். கரி போகத் துடைத்தார், பிறகும் துடைத்தார்.

"நான் ஒண்ணும் கேக்கலை சேச்சி" என்றார்.

"நானும் ஒண்ணும் சொல்லல சாரே."

அன்று மத்தியானம் தகனம் முடிந்தது. மயானத்தில் வினய் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்தபோது அவன்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி குறைந்தது. மறுநாள் அவன் ஷெட்டுக்கு வந்து, "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள டேபிளை எடுத்துடுங்கோம்மா. தப்பா நெனச்சுக்காதீங்கோ" என்று சொன்னபோது அந்தப் பாதியும் திரும்பி வந்துவிட்டது. எஸ்.ஐ.யைக் கேட்க வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியும் போயிருந்தது. இசக்கிசெல்வி "சரி சாரே" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை என் பேண்ட்டுக்காக ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம், பேசாமல் இருந்தது முடிந்துவிட்டது. பேண்ட் வேண்டுமே. வினய் பனியனோடு வெளியே வந்தான். அப்பாவின் வாட்சையும் மோதிரத்தையும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். சூட்கேசுக்குள் கசங்கிக் கிடந்த வெள்ளைச் சட்டையைக் கையில் வைத்திருந்தான். அந்த வீட்டில் தேய்ப்புப் பெட்டி இல்லை. சாருக்கு அது தேவைப்படவே இல்லையே.

"கொஞ்சம் சீக்கிரமாம்மா. பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

இசக்கிசெல்வி சட்டையை விரித்து நீர் தெளித்தாள். கரி கணகணவென்று சிவந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக் காலருக்கு ஒரு விரல் உயரத்தில் கொண்டுவந்து, அப்படியே நிறுத்தினாள்.

"சாரே, நீங்க அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமதானே போன் பண்ணுவிய?"

"ஆமா. ஏன்?"

"அவிய போனது திங்கக்கிழம ராத்திரி. செவ்வாக்கிழம காலையில வேட்டி வரல. வேட்டி வரலைன்னுதான் நான் கதவைத் தட்டினேன். இந்த மேசை இங்க இல்லைன்னா யாரு தட்டியிருப்பா? அடுத்த ஞாயித்துக்கிழம நீங்க போன் பண்ணி, அவிய எடுக்காம..." மேலே சொல்லாமல் விட்டுவிட்டாள். "டிவி ஓடிக்கிட்டே இருந்திருக்கும் சாரே."

வினயின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சந்தில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். பெட்டி அதே ஒரு விரல் உயரத்தில் நின்றது, அவள் வலது கை கொஞ்சமும் ஆடவில்லை. வெள்ளைக் காலரிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கியது. வினய் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"டேபிள் இங்கயே இருக்கட்டும்" என்றான்.

"புரோக்கர் வந்தா?"

"நான் சொல்லிக்கறேன்."

"வீட்டை வாங்க வாறவிய?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வீட்டோட மேசையும் உண்டுன்னு அவாகிட்டயும் சொல்லிடறேன்."

இசக்கிசெல்வி பெட்டியைக் காலரில் இறக்கினாள்.