திரும்பும்போது மட்டும் சூடான மோட்டார்

தனபாலன் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவருக்காக வந்திருந்த பார்சலைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் படகு மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்பவள் நான். "காலையில பாத்ரூம்ல விழுந்துட்டாரு செல்வி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாரு" என்று அவருடைய மனைவி கோமதி அக்கா போனில் சொன்னார்கள். "அவரு கேட்ட சாமான் வந்திருச்சுக்கா" என்றேன். வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா எனக்கு?

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்துப் பண்டமாரானில் குடியிருந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபின், பழைய ஃபைபர் படகு ஒன்றையும் அதைவிடப் பழைய மோட்டார் ஒன்றையும் வாங்கினார். மீன் பிடிப்பதற்காக அல்ல. அஸ்தி கரைக்க வரும் குடும்பங்களை ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் கூட்டிப்போய், காரியம் முடிந்ததும் கரை சேர்ப்பதற்காக. வயதானவர்கள் ஏறும்போது முழங்கையைத் தாங்கிப் பிடிப்பார். படகில் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார்.

முதல் தடவை வந்தபோது, "மோட்டார் கொதிக்குதும்மா" என்றார். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றி இயந்திரத்தைக் குளிர வைப்பது உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் சக்கரம், இம்பெல்லர் என்போம். அது தேய்ந்தால் மோட்டார் சூடாகும். புதியதைக் கொடுத்தேன். மாதம் முடியுமுன் திரும்பி வந்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். உப்பு அடைத்திருக்கும் என்றேன். வீட்டு வாசலில் பெரிய பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். தெருவே திரண்டு வந்து சத்தம் போட்டதாம். ஆனால் மோட்டார் சூடாகவில்லை!

"போகும்போது ஒண்ணும் பண்ணலம்மா. வரும்போதுதான் வேலையக் காட்டுது" என்பார். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார். மோட்டாருக்குப் போகிற வழியும் வருகிற வழியும் தெரியுமா என்ன? எனக்குக் கோபம்தான் வரும். காதில் வாங்கவே இல்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினேன். அவர் தலைப்பகுதியைப் பிரித்து கேஸ்கட் மாற்றினார். அடுத்த வாரமே அண்ணன் என் முன்னால் நின்றார், அதே வாக்கியத்தோடு.

பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. திரும்பும் வழியில் மோட்டார் கொதித்து, உச்சி வெயிலில் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. கணவனின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த அம்மா அந்த வெயிலில் உட்கார்ந்திருக்க, ஒரு மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. துறையில் இறங்கியதும் அந்த வீட்டுப் பையன் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான்: "மோட்டார் பாக்கத் தெரியாம எதுக்கு அங்கிள் இந்த வேலை?" அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடும் குடும்பங்கள் குறைந்துபோயின. அவர் பிழைப்பைவிடப் பேரைத்தான் பெரிதாக நினைத்தார். அது போயிற்று.

அன்று கடைக்கு வந்தவரிடம் நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சாமான்ல குறை இல்லண்ணே. நீங்க ஒழுங்கா மாட்டல. அதான்" என்றேன். "நான் சரியாத்தான்மா மாட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் நேரில் வரவில்லை. போனில்தான் இன்னொரு இம்பெல்லர் கேட்டார்.

பிள்ளைகள் இல்லாததால் தம்பி மணியம்தான் கொள்ளி வைத்தார். அஸ்தி கரைக்க அண்ணனின் படகிலேயே போவது என்று முடிவானது. "மோட்டார் மக்கர் பண்ணுச்சுன்னா பக்கத்துல ஆள் வேணும், நீயும் வா லா" என்று மணியம் கூப்பிட்டதால் நானும் ஏறினேன். பெண்கள் எதற்கு என்று முணுமுணுத்த உறவினரிடம், "இது அவரு படகு, நான் வருவேன்" என்றார்கள் அக்கா. அத்தனை வருடம் அந்த மோட்டாருக்குச் சாமான் விற்றவள், அன்றுதான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போகும்போது ஒன்றும் செய்யவில்லை.

ஆழமான இடம் வந்ததும் மணியம் கியரை எடுத்துவிட்டு, மோட்டாரை ஓடவிட்டபடியே முன்பக்கம் போனார். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "அண்ணன் நிறுத்தவே மாட்டாரு. திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா, அழுதுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அது வேற கஷ்டம்பாரு." அஸ்திப் பானை தண்ணீரில் இறங்கியது. பை பையாகக் கொண்டுவந்திருந்த பூவையெல்லாம் கொட்டினார்கள். நீரோட்டம் அத்தனை பூவையும் மோட்டார் பக்கமே கொண்டுவந்து சேர்த்தது. மணியம் வந்து படகைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். மோட்டாரின் விசிறி பூக்களைக் கலக்கி அடியில் இழுத்தது. இயந்திரத்தைக் குளிர வைத்துவிட்டு மோட்டாரின் ஓரத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்தது, நின்றது. அபாய ஒலி அலறியது.

மணியம் மறுபடி கியரை எடுத்துவிட்டு, நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க! அடைச்சிருக்கும்போதே பாக்கணும்" என்று கத்தினேன். விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீரை உறிஞ்சும் சல்லடை மீது ஈரத்துணி போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தேன். செவ்வந்தியும் ரோஜாவும் நசுங்கி என் கை நிறைய இருந்தன. ஓரத்தில் தண்ணீர் மறுபடி பீய்ச்சியது. அலறல் நின்றது.

அவ்வளவுதான். அலறியதும் அண்ணன் செய்திருப்பதுபோல மோட்டாரை நிறுத்தியிருந்தால் உறிஞ்சும் வேகம் போய், பூ தானாகக் கழன்று மிதந்து போயிருக்கும். கரையில் தூக்கிப் பார்த்தால் சல்லடை சுத்தமாக இருக்கும். பீப்பாயில் பூ ஏது? அவர் சொன்னது அத்தனையும் சரி. வரும்போதுதான் கொதித்தது. இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், "அங்க போய் என்னண்ணே செய்வீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனை இம்பெல்லர் விற்றேன்!

கோமதி அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்போ அவரு மேல தப்பு இல்லையா?" என்று கேட்டார்கள்.

"இல்லக்கா."

"நானும் ஏசினேனே" என்றார்கள். சாவு வீட்டில்கூட அழாதவர்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள். துறை சேரும்வரை அந்த மோட்டார் ஒருமுறைகூட அலறவில்லை.

தனபாலன் அண்ணே, நீங்கள் மாட்டியது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைத் தேடிப் போய் இதைச் சொல்லிவிட்டேன். துறையிலும் கடையிலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வழியில்லை. அந்த ஆதங்கம் எனக்குத் தீரப்போவதில்லை. நிம்மதியாகப் போங்கள்.