விரலில் மை இல்லாதவர்

தலத்தெரு டீக்கடையில் தினமும் பார்க்கும் பெரியவர். ஒல்லியான ஆள், சலவை மடிப்புக் கலையாத சட்டை. தனக்குப் பிடித்த டெல்லித் தலைவர் ஒருவரின் பேச்சை எடுத்தால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். தலைவர் சிறைக்குப் போனது, தோற்றது, அமைச்சரானது எல்லாம் மனப்பாடம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று குழம்பிக் கிடந்த என்னைக் கரைத்ததே அந்தக் கதைகள்தான்.

தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு நேரே கடைக்குப் போய் மை விரலைக் காட்டினேன்.

"உங்க தலைவர் கட்சிக்குத்தான் போட்டேன். நீங்க போட்டாச்சா?"

"எனக்கு இங்க ஏது தம்பி ஓட்டு? இந்த ஊரப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துலேர்ந்தே நான் பிரெஞ்சுக் குடிமகன்ல! பிரான்சு அதிபர் தேர்தலுக்குத்தான் போடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்க யாருக்குப் போட்டீங்க?"

"அவங்களப் பத்தி நமக்கென்ன தெரியும்? பாரீஸ்ல இருக்க மவன் ஒரு பேரச் சொன்னான், போட்டேன்."

சிரிக்க வாய் திறந்தவன், என் விரலைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.