விளிம்பில் ஒரே ஒரு இழுப்பு

சூலூர் திருமூர்த்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர் கண்ணுக்குத் தப்பிய பழுது என்று இந்த வட்டாரத்தில் ஒன்றும் கிடையாது. மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை தர ஆய்வாளராக இருந்தவர். வார்ப்படத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவார். ஓய்வு பெற்ற நாளில் கம்பெனி கொடுத்த கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் கீறல் இருப்பதை மேடையிலேயே கண்டுபிடித்தார். ஆனால் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அவருடைய இரண்டாவது குணம். பொருளிடம் எவ்வளவு கண்டிப்போ, மனிதரிடம் அவ்வளவு மரியாதை. அடுத்தவர் மனம் நோகும்படி அவர் ஒரு கேள்வி கேட்டதாகச் சரித்திரமே இல்லை. டவுன் பஸ்ஸில் தன் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடம்கூட, "ஏனுங்க, உங்களுக்கு நிக்க எடம் பத்துதுங்களா?" என்றுதான் கேட்பார்.

ஓய்வுக்குப் பிறகு ஆய்வு செய்ய வேறெதுவும் இல்லாமல், மனைவி வசந்தாமணியின் சாம்பாரை ஆய்வு செய்யத் தொடங்கினார். அந்தப் பேராபத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றியது அமெரிக்கா. பழைய நாணயங்களை வாங்கி விற்கும் வாட்ஸப் குழு ஒன்றில் யாரோ ஒரு வெள்ளி டாலரின் படத்தைப் போட்டிருந்தார்கள். நூற்று நாற்பது வருடப் பழசு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த பெண்ணின் முகம், மறுபக்கம் இறக்கை விரித்த கழுகு. பார்த்த அன்றே விழுந்தவர்தான்.

இந்தத் துறையில் ஒரு காசின் நிலைக்கு எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். அந்த அம்மாளின் காதுக்கு மேலே கூந்தல் இழை தெரிய வேண்டும். கழுகின் மார்பில் இறகு தெரிய வேண்டும். கன்னத்தில் கீறல் கூடாது. புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் பாதி விலை போச்சு. விளிம்பில் அரம் பட்டிருந்தாலோ கதை முடிந்தது, எடைக்குப் போடும் வெறும் வெள்ளிதான். இவ்வளவையும் கைப்பேசித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கியே திருமூர்த்தி கற்றுத் தேர்ந்தார்.

"கட்டுன பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நாளாச்சும் இப்புடிப் பாத்திருப்பீங்களா?" என்றாள் வசந்தாமணி. "எவளோ வெள்ளக்காரிக்குக் காதுக்கு மேல முடி கொட்டிப்போச்சுன்னு காலையில இருந்து கவலை!"

"கொட்டல அம்மணி. தேஞ்சிருக்குது."

"எனக்குந்தான் தேஞ்சிருக்குது. எழுவதுக்கு எத்தனைங்க?"

அவர் மனதுக்குள் மார்க் போட்டுவிட்டது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் ரசம் மட்டும்தான்.

அதே குழுவில்தான் கோவிந்தராஜுலு அறிமுகமானார். சிங்காநல்லூர்க்காரர், எண்பதை நெருங்குகிற வயது. மூடிப்போன மில் ஒன்றில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்ததால் எல்லோருக்கும் மாஸ்டர். வாழ்நாளெல்லாம் சேர்த்த டாலர்களை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். எப்போதாவது ஒன்றை விற்பார். திருமூர்த்தி முதல் காசைக் கேட்டபோது அவர் அனுப்பிய பதில்: "கன்னத்துல சின்னக் கீறல் இருக்குதுங்க, படத்துல தெரியாது. பாத்துப்போட்டுப் புடிச்சா மட்டும் வெச்சுக்குங்க." தன் சரக்கின் பழுதைத் தானே சொல்கிற ஒரு மனிதரை அதுவரை திருமூர்த்தி எந்தத் தொழிலிலும் கண்டதில்லை.

அன்றிலிருந்து சாயங்காலமானால் இருவரும் போனில் பேசுவார்கள். கூந்தல், கழுகு, வெள்ளி விலை, மாஸ்டரின் முட்டிவலி. சூலூருக்கும் சிங்காநல்லூருக்கும் ஒரே ரோடு, ஒரே பஸ். இருந்தும் நேரில் பார்த்ததில்லை. போய் நின்றால் மாஸ்டருக்குத் தொந்தரவு என்று இவர் நினைத்தார். வாங்க என்றால் தம்பிக்குத் தொந்தரவு என்று அவர் நினைத்தார். ஆகவே காசு கூரியரில் ஏறி, எந்தெந்த ஊரையோ சுற்றிப் பார்த்துவிட்டு சூலூர் வந்து இறங்கும்.

ஒருநாள் மாஸ்டர் சொன்னார்: "பெங்களூர்ல இருக்கற எம்பட மவளுக்கு இதெல்லாம் வெறும் வெள்ளிங்க தம்பி. பெட்டியோட கொண்டுபோயி வெச்சுக் காப்பாத்தற ஆளு கெடச்சா நிம்மதியா இருக்கும்."

'நான் இருக்கேனுங்களே' என்ற வார்த்தை திருமூர்த்தியின் தொண்டைவரை வந்தது. அந்தப் பெட்டிக்காகவும், அதைக் காட்டிலும் அப்படி ஒருவர் தன்னை நம்பிக் கொடுப்பதற்காகவும் அவர் ஏங்கினார். ஆனால் வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லையே. "ஆமாங்க மாஸ்டர், கெடைக்கோணும்" என்று முடித்துக்கொண்டார்.

அடுத்த கூரியரில் வந்தது அந்தக் காசு. கழுகுக்குக் கீழே இரண்டு குட்டி எழுத்துகள். அமெரிக்காவின் வறண்ட மூலையில் கொஞ்ச காலமே நடந்த ஓர் அச்சுச் சாலையின் முத்திரை அது. கிடைப்பதற்கரியது. அதனாலேயே போலிகளும் மலிந்திருந்தன. மாஸ்டர் கேட்ட விலை சந்தை விலையில் பாதி. "உங்களுக்குன்னா அந்த ரேட்டுங்க" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

திருமூர்த்தி எடை போட்டார், சரி. காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. சுண்டினார், கோயில் மணி மாதிரி நாதம். எல்லாம் பாஸ், விலை மட்டும் பாஸ் ஆகவில்லை. நல்ல பொருளைப் பாதி விலைக்கு எவன் கொடுப்பான்? மாஸ்டரே ஏமாந்து வாங்கியிருப்பாரோ? போன் போட்டார்.

"காசு வந்துதுங்க மாஸ்டர்."

"புடிச்சுதுங்களா?"

"நெம்பப் புடிச்சுதுங்க. அது வந்துங்க மாஸ்டர்..."

"சொல்லுங்க தம்பி."

"அங்க மழை உண்டுங்களா?"

ஒரு பெரிய மனிதரிடம் 'இது ஒரிஜினலுங்களா' என்று எந்த வாயால் கேட்பது? அவர் மனம் புண்படுமே. அவர் மனம் புண்படாமல் இருக்கும் பொருட்டு, அவருக்குத் தெரியாமல் ராஜவீதிப் பக்கம் சந்துக்குள் இருக்கும் நகை ஆசாரி ஒருவரிடம் காசை எடுத்துப் போனார்.

"அரத்துல ஒரு இழுப்பு இழுத்தாத்தான் உள்ள என்னன்னு தெரியுமுங்க," என்றார் ஆசாரி. "ஆனா தடம் நிக்கும். பரவால்லீங்களா?"

விளிம்பில் அரம் பட்ட காசுகளை இந்த ஜென்மத்தில் தீண்டாத திருமூர்த்தி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "விளிம்புலதானுங்களே, ஒரே ஒரு இழுப்பு" என்றார்.

அரம் பட்ட இடத்தில் ஆசாரி அமிலச் சொட்டு ஒன்றை விட்டார். சொட்டு ரத்தச் சிவப்பானது. "நல்ல வெள்ளிங்க!" என்றார். திருமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் பஸ் ஏறி உட்காரும்வரை இருந்தது. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய பல்வரிசையில், அரிசிமணி அகலத்துக்குப் பல் இல்லை. அசல் என்று நிரூபிக்கப்பட்ட ஒரே காரணத்தால் அது இப்போது வெறும் வெள்ளி.

இரண்டு நாளில் மாஸ்டர் கூப்பிட்டார். "கண்ணாஸ்பத்திரிக்குப் போனனுங்க. இனி பார்வை இவ்வளவுதான்னு சொல்லிப்போட்டாங்க. பெட்டிய உங்ககிட்டவே குடுத்துப்போடறேன் தம்பி. எப்புடியும் மொத்தமும் உங்களுதாகப் போகுது, அப்பறம் எதுக்கு முழு ரேட்டுன்னுதான் அந்தக் காசுக்குப் பாதி போட்டேன். ஞாயித்துக்கெழமை வாங்க. அதையும் எடுத்துட்டு வாங்க, ஒருக்கா தொட்டுப் பாத்துக்கறேன்."

போனை வைத்த திருமூர்த்தி ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட வசந்தாமணி கேலி செய்யவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. "போயி, இப்புடிப் பண்ணிப்போட்டேன்னு நேராச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

"எப்புடி அம்மணி சொல்றது? மனசு கஷ்டப்படுவாரே."

ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் மாஸ்டர் வாசல்வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். மேஜைமேல் துடைத்துவைத்த மரப்பெட்டி. திருமூர்த்தி காசை நீட்டினார். மாஸ்டர் அதைக் கண்ணருகே கொண்டுபோகவே இல்லை. நூலிழையில் முடிச்சுத் தேடிப் பழகிய கட்டைவிரல் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போனது. ஓர் இடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து மறுபடியும் நின்றது.

"வெள்ளிதானுங்களா?" என்று கேட்டார் மாஸ்டர். குரலில் கோபமே இல்லை.

"வெள்ளிதானுங்க மாஸ்டர்."

"நல்லதுங்க. காப்பி சாப்புடுங்க."

காப்பி வந்தது. சர்க்கரை போதுமா என்று மாஸ்டர் இரண்டு தடவை விசாரித்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருமூர்த்தியும் கேட்கவில்லை. புறப்படும்போது, "அடிக்கடி வாங்க தம்பி" என்றார். கொங்கு நாட்டில் இந்த வாசகத்துக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பது அறிஞர்கள் தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

சாயங்காலப் பேச்சு நிற்கவில்லை. சுருங்கியது. கூந்தலும் கழுகும் போய், முட்டிவலி மட்டும் மிஞ்சியது. ஆடி முடிந்து ஒருநாள், மாஸ்டரின் குரல் பழையபடி தெளிவாக இருந்தது.

"பெட்டிக்கு ஆளு கெடச்சுதுங்க தம்பி. பல்லடத்துல ரிஃபானான்னு ஒரு பொண்ணு, காலேஜுல பாடம் நடத்துது. நம்ம குரூப்புல பாத்துட்டு நேரா ஊட்டுக்கே வந்துபோட்டா. வந்ததும் வராததுமா என்ன கேட்டா தெரியுங்களா? 'ஏனுங்கய்யா, இதுல ஒண்ணும் டூப்ளிகேட்டு இல்லீங்களே?'ன்னா!" மாஸ்டர் சிரித்துச் சிரித்து இருமினார். "பெட்டிய அவ பக்கமா நகத்தி வெச்சுப்போட்டேன். ஒவ்வொண்ணா எடுத்துக் கேட்டா. நானும் ஒவ்வொண்ணாச் சொன்னேன். பொழுதே போயிருச்சு."

"நல்ல பொண்ணுங்க மாஸ்டர்," என்றார் திருமூர்த்தி.

மாஸ்டர் ஏதோ காத்திருப்பது போலவும் இருந்தது, போனை வைத்துவிடலாமா என்று யோசிப்பது போலவும் இருந்தது. எம்மேல கோவமுங்களா என்று கேட்டால் போதும். இரண்டே சொல். ஆனால் கோபம் என்று அவர் சொல்லிவிட்டால்? கோபம் இல்லை என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டால்?

"சாப்புட்டீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க தம்பி. நீங்க?"