சக்கரம் வைத்த வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்பதை அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அந்தத் திறமை எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடம் நாமக்கல்லில் ஒரு லாரி பட்டறையில் பாடி கட்டும் மேஸ்திரியாக இருந்தேன். நான் பாடி கட்டிய லாரிகள் அசாம் வரை போய் வந்தன. நான் அம்மாபேட்டையில் பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்கினேன், நாமக்கல்லில் ஏறி அம்மாபேட்டையில் இறங்கினேன். வேலையை விட்ட வருடமே, ஓய்வுபெற மூன்று வருடம் இருந்த என் மனைவியை சங்ககிரிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கணக்கு டீச்சர். அங்கே ஒரு வாடகை வீடு பார்க்கலாம் என்றாள். எனக்குத்தான் மூளை வேலை செய்தது. சக்கரம் வைத்த வீடு ஒன்றைக் கட்டி சங்ககிரியில் நிறுத்திக்கொள்வோம், உனக்கு ஓய்வு வந்ததும் அதை ஒரு ஜீப்பில் மாட்டி அசாம் வரை போவோம் என்றேன். முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண் இந்தக் கணக்குக்கு எப்படிச் சம்மதித்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பழைய பட்டறை ஆட்களே கட்டிக்கொடுத்தார்கள். குறை சொல்லக் கூடாது, பதினாறு டன் நெல் ஏற்றினாலும் தாங்கும். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், விசிறி. கூரையில் சோலார் பலகை, அடியில் ஒரு பெட்டிக்குள் இரண்டு லாரி பேட்டரி. பெயின்டர் கை தன் பழக்கத்தில் பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’ என்று பெரிதாக எழுதிவிட்டது. அந்தப் பக்கம் எங்கள் சமையலறை. பால்காரர் இன்றும் கதவைத் தட்டுவதில்லை, வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்.

சங்ககிரிக்கு வெளியே திருச்செங்கோடு ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்து போகும். அதன் கடைசியில் ஒருவரின் காட்டில் வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். இந்தப் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். காட்டுக்காரர் நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கஷ்டமும் அங்கிருந்துதான் வந்தது.

குடியேறிய அன்று மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த எங்கள் பங்குத்தந்தை கையில் புத்தகத்தோடு வெளியே நின்று, “இது வீடா, வாகனமா? ரெண்டுக்கும் வேற வேற ஜெபம் இருக்கு” என்றார். நான் வீடு என்றேன். என் மனைவி வாகனம் என்றாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார், இரண்டு ஜெபத்தையும் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் தலை மறைந்ததும் காட்டுக்காரர் தன் பங்குக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். இவ்வளவு பாதுகாப்போடு குடியேறியவர்கள் யாரும் இருக்க முடியாது.

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய ஃபிரிட்ஜ், இந்த வருடம் மாசி பிறந்து வெயில் ஏறியதும் தன் வேலையை ஆரம்பித்தது. காலை எட்டரைக்கு மொபெட்டில் மனைவியைப் பள்ளியில் விட்டுவிட்டு, நான் சங்ககிரியில் தெரிந்த ஒரு பட்டறையில் உட்கார்ந்து மற்றவர் வேலையில் குறை கண்டுபிடிப்பேன். மாலை ஐந்துக்கு அவளை ஏற்றிக்கொண்டு திரும்புவோம். திரும்பினால் பால் திரிந்திருக்கும். தக்காளி வியர்த்திருக்கும். முதல் திங்கட்கிழமை இட்லி மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கீழ்த்தட்டிலிருந்த கத்தரிக்காய்களின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது, உர்ரென்று சத்தம் வந்தது. கையை விட்டால் உள்ளே சங்ககிரி பஸ் ஸ்டாண்டு வெக்கை.

சனி, ஞாயிறு மட்டும் சில்லென்று இருந்தது. ஆண்டவர் ஓய்வெடுத்த நாளில் வேலை செய்து, வேலை நாளில் ஓய்வெடுக்கும் ஃபிரிட்ஜை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தேன்.

“ஊடு எங்கீங்க?”

வழி சொன்னேன். காட்டுக்குள்ளே, வேப்பமரத்தடியில், பின்னால் ஒலி எழுப்பவும் என்று எழுதியிருக்கும் என்றேன்.

“ஏனுங்க, அது வண்டிங்களா?”

“வண்டி மாதிரி இருக்கும். வீடுதான்.”

“சக்கரம் இருக்குதுங்களா?”

“நாலு இருக்கு.”

“வண்டிச் சாமானுக்கு நாங்க வாரதில்லீங்க. லாரி எலக்ட்ரீசியனப் பாருங்க.”

சங்ககிரியில் லாரி எலக்ட்ரீசியனுக்கா பஞ்சம். ஒருவர் வந்தார். பேட்டரியைத் தட்டினார், ஒயரை இழுத்துப் பார்த்தார், எல்லாம் சுத்தம் என்றார். ஃபிரிட்ஜைக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது ஊட்டுச் சாமானுங்க. நாங்க தொட மாட்டோம். ஃபிரிட்ஜு மெக்கானிக்கக் கூப்புடுங்க.”

ஒரு வாரம் இப்படி ஊட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஓடினேன். மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் மாலை ஆறு மணிக்கு வரவழைத்தேன். அவர் வந்தபோது ஃபிரிட்ஜ் எவ்வளவு பதவிசாக ஓடியது தெரியுமா, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதைப்போல. அவர் காதை வைத்துக் கேட்டார்.

“நல்லாத்தானே ஓடுதுங்க. கதவ அடிக்கடி தொறந்து தொறந்து பாப்பீங்களோ?”

“நாங்க பகல்ல வீட்லயே இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க ஃபிரிட்ஜு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி கத்துகிற ஆள் இல்லை. அன்று விரலில் ஒட்டிய புளித்த மாவை மெதுவாகக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“கோட்டைக்குக் கீழ ஒரு வீடு காலியா இருக்காம், எங்க ஸ்கூல் ஆயாம்மா சொன்னாங்க. வீட்டுக்காரம்மா நம்பர் வாங்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தப் பொட்டி சரியாகலைன்னா திங்கக்கிழமை நான் அங்க குடி போயிடுவேன்.”

“நான்?”

“நீங்க இதுலயே அசாம் போங்க.”

இரண்டு வருடம் இந்த டப்பாவில் அவள் முணுமுணுத்ததில்லை. முணுமுணுக்காதவர்கள் தேதி சொன்னால் அது தேதி.

செவ்வாய்க்கிழமை நான் பட்டறைக்குப் போகவில்லை. ஸ்டூலைப் போட்டு ஃபிரிட்ஜுக்கு எதிரில் உட்கார்ந்தேன். நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. பத்து மணிக்கு ஓடியது. பன்னிரண்டுக்கு ஓடியது. மூன்று மணிக்குத் தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டியது. நடுவில் காட்டுக்காரர் தலையை நீட்டினார்.

“என்னங்க சாமி, இன்னைக்கு உள்ளயே உக்காந்துட்டீங்க?”

“ஃபிரிட்ஜுக்குக் காவல்ங்க. சரியா வேலை செய்ய மாட்டேங்குது.”

“பேட்டரி எறங்கியிருக்குமோ?”

“அது நல்லா இருக்குன்னு எலக்ட்ரீசியன் சொல்லிட்டாரு.”

“நல்லாத்தான் இருக்கும். பேட்டரியப் பத்தி நீங்க கவலயே படாதீங்க, அத நான் பாத்துக்கறனுங்க” என்றார். அந்த வாக்கியத்தை நான் அன்றே நிறுத்திவைத்து விசாரித்திருக்க வேண்டும். நன்றி என்று சொல்லி மோர் கொடுத்தேன்.

மாலையில் மனைவி ஐஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். “நீங்க இருந்தா ஓடுது, இல்லைன்னா ஓடலை. அதுக்கும் துணை வேணும்போல” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை ஒரு காரியம் செய்தேன். அவளிடம் சொல்லாமல் அந்த வாடகை வீட்டைப் பார்க்கப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், சத்தியமாக. என் தொழிலே அதுதானே. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றார். நான் சுவரைத் தட்டினேன். சுவர் சுவராகவே இருந்தது, டங்கென்று சத்தம் போடவில்லை. ஒரு சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. இன்னொன்றைப் போட்டேன். விசிறி சுற்றியது. எந்த விசாரணையும் இல்லை, எந்த ஜாதகமும் கேட்கவில்லை. சமையலறையில் ஒரு ஜன்னல், அதில் கோட்டை மலை முழுதாகத் தெரிந்தது. பக்கத்தில் ஃபிரிட்ஜ் வைக்கவென்றே ஒரு மேடையும் பிளக்கும். அந்த பிளக்கைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரை அந்தப் பாழாய்ப்போன ஃபிரிட்ஜ் சரியாகாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாயால் கிளம்பலாம் என்று எப்படிச் சொல்வது? சொந்தக்காரர், நண்பர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் இந்தச் சக்கர வீடு சொர்க்கம் சொர்க்கம் என்று பீற்றிவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி மதியத்தோடு முடிந்தது. மொபெட் அன்று காலைதான் பஞ்சராகி சங்ககிரியிலேயே நின்றிருந்தது. பஸ்ஸில் வந்து மண்பாதையில் இருவரும் நடந்தோம். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. விளக்கு போட்டேன், எரியவில்லை. விசிறி அசையவில்லை. ஃபிரிட்ஜ் செத்துக் கிடந்தது.

“வாங்க, பின்னாடி பாப்போம்” என்று அவளே இறங்கிப் போனாள்.

பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடி உண்டு. கட்-ஆஃப் சுவிட்ச். லாரி நிற்கும்போது பேட்டரி வீணாக இறங்கக் கூடாது என்று, மொத்தக் கரண்ட்டையும் அங்கே அணைத்துவிடுவார்கள். பட்டறை ஆட்கள் பழக்கத்தில் இதற்கும் வைத்திருந்தார்கள். அது ஆஃப்பில் இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

“அட, டீச்சரம்மா, நடந்தா வந்தீங்க? மொபெட்டுச் சத்தமே கேக்கலையேன்னு பாத்தேன்.”

“சத்தம் கேட்டா?”

“சத்தம் கேட்டா ஆன் பண்ணிருவனுங்க. நீங்க அந்த வளைவு திரும்பறதுக்குள்ளாற வந்து போட்ருவேன். காலைல போனதும் ஆஃப் பண்ணிருவேன்.” முகத்தில் பெருமை. “வண்டி நின்னா கட்-ஆஃப் பண்ணோணுமுங்க. நாப்பது வருசத்துல நம்ம வண்டி ஒருநாள் பேட்டரி எறங்கி நின்னதில்ல.”

“எத்தனை நாளா பண்றீங்க?”

“மாசி பொறந்ததுலருந்துங்க. அப்பத்தான் இந்தக் கைப்பிடி கண்ணுல பட்டுது. மாப்ள மறந்து மறந்து போயிடறாப்ல. நாமளே செஞ்சா என்னன்னுதான்.”

மாப்ள என்றது என்னை. அந்தக் காட்டில் எனக்கு அப்படி ஒரு உறவு இருப்பது அன்றுதான் தெரிந்தது. நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏங்க, உள்ள ஃபிரிட்ஜ் இருக்குங்க. பால் இருக்கு, மாவு இருக்கு” என்றாள் என் மனைவி. வகுப்பில் பின்வரிசைக்குச் சொல்லும் குரல். “ஒருத்தங்க வீட்டு மெயினை வெளியில நின்னு அணைப்பாங்களா? இது வண்டி இல்லீங்க. எங்க வீடு.”

“ஊடுன்னா சக்கரம் எதுக்குங்க டீச்சர்?”

“அதை உங்க மாப்ளயக் கேளுங்க.”

அவர் என்னைக் கேட்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, அந்தக் கைப்பிடியை ஒரு ஒயரால் நகராதபடி கட்டிவிட்டுப் போனார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிற்கிற வண்டியில் பேட்டரி ஆனில் இருப்பது அவருக்கு உடம்பெல்லாம் அரித்திருக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் ஃபிரிட்ஜ் சில்லிட்டது. என் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு போனை எடுத்தாள். “இல்லீங்கம்மா, நாங்க வரலைங்க. ஆமாங்க, இங்கயே சரியாயிடுச்சு. வேற யாருக்காச்சும் விட்ருங்க.”

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“இவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம். அந்த மாதிரி சமையல்கட்டு லேசுல கெடைக்காது, ஜன்னல்ல மலையே தெரியுது” என்றேன்.

அவள் போனைக் கீழே வைத்தாள்.

“எந்த ஜன்னல்ல?”

சொன்னேன். புதன்கிழமை போனதைச் சொன்னேன், சுவிட்சைச் சொன்னேன், பிளக்கையும் சொன்னேன். கண் கலங்கியதை மட்டும் சொல்லவில்லை, அதை அவளே என் முகத்தில் பார்த்திருப்பாள். சிரித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இந்நேரம் அங்க உக்காந்து மலை பாத்துட்டு இருந்திருப்போம்.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. போன் பண்ணு.”

“முடியாது. இதைக் கண்டுபிடிச்சது நான். இது என் வீடுன்னு ஊர் கேக்கச் சொல்லிட்டேன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்கதான்.”

அதற்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. மூன்று நாளாக இந்த வீட்டின் தண்ணீர் மோட்டார் ஒரு மாதிரி இருமிக்கொண்டே ஓடுகிறது. நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சரி செய்துவிடுவாள்.