மூடுபனியில் எறிந்த கல்

"அப்பா, இதக் கேளுங்க" என்று மகள் பத்திரிகையை உரக்க வாசித்தாள். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, சீமையில் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஏவினார்களாம். அநேகமாக எல்லாமே ஊடுருவிப் போய்விட, எப்போதாவது ஒன்று மட்டும் மோதித் திரும்பியதாம்.

திரும்பியது என்று கேட்டதுமே அந்நாளைய அப்புத்தளை மலையின் மூடுபனி ஈரம் என் முகத்தில் பட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் மூடுபனி நாளில் மடி நிறையப் பொடிக்கல் கட்டிக்கொண்டுதான் வெளியே இறங்குவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள், காய்ச்சலில் கொதித்த தம்பியைக் கம்பளியில் சுற்றி என் அப்பா தோளில் போட்டிருந்தார். மருந்து வாங்கித் திரும்பும்போது பட்டப்பகலில் பாதையே மறைந்துபோனது. ஒரு பக்கம் மலைப்பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அம்மா ஒரு கல்லை எறிந்தாள். சத்தமே இல்லை. இன்னொன்றை எறிந்தாள். அதுவும் அப்படியே போயிற்று. தம்பியின் முனகல் மட்டும் கேட்டது. அம்மா திரும்பி நின்று எறிந்த அடுத்த கல் 'டக்'கென்று மோதி என் காலடிக்கே உருண்டு வந்தது.

"பாறை இங்கதான் இருக்கு. கல்லு திரும்பி வர்ற பக்கமாவே வாங்க" என்றாள் அம்மா.

பாறையைத் தடவித் தடவியே லயம் சேர்ந்தோம். தம்பி பிழைத்துக்கொண்டான்.

மகள் வாசித்து முடித்தாள். "அப்படின்னா இந்தத் தரைகூட உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட முழுக்க வெறும் வெளிதானாம்ப்பா."

விளக்கேற்ற எழுந்த நான் காலை ஊன்றத் தயங்கினேன். கை தானாகச் சுவரைப் பிடித்தது.

"சுவரும் அப்படித்தாம்ப்பா" என்று அவள் சிரித்தாள்.

நான் கையை எடுக்கவில்லை.